வி-3 ஒப்பிக்கும் பிள்ளையும் ‘டீச்டு’ என்று எழுதும் பிள்ளையும்

சிவகாசி வட்டாரத்தின் எம். புதுப்பட்டியிலும் சுற்றியிருக்கும் ஊர்களிலும் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வரவில்லை என்ற பேச்சு எழுந்தால், அடுத்து வரும் வாக்கியம் ஒன்றுதான்: “வெர்புக்கு மூணு ஃபார்ம் கேளுங்க, முழிக்கும்.” டியூஷன் எடுக்கும் அக்கா இதைச் சொல்கிறார். பட்டாசு ஆலையில் கணக்கெழுதும் அண்ணாச்சி சொல்கிறார். நாளெல்லாம் பேக்கிங் வேலை பார்த்துவிட்டு வீடு திரும்பும் அம்மாவும், தான் படிக்க வாய்க்காத பாடத்தைப் பற்றி மற்றவர்கள் கொடுத்த தீர்ப்பை அப்படியே நம்பிச் சொல்கிறார். ‘கோ–வென்ட்–கான்’ போல வி-1, வி-2, வி-3 என்று மூன்று வரிசையையும் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தால் கெட்டிக்காரப் பிள்ளை. ‘டீச்’சுக்கு ‘டீச்டு’ என்றும் ‘கேட்ச்’சுக்கு ‘கேட்ச்டு’ என்றும் எழுதினால் மண்டையில் ஒன்றும் ஏறாத பிள்ளை. தினமும் வைக்கும் ஸ்லிப் டெஸ்ட்டும், தப்பானதை ஐம்பது தடவை எழுதி வரச் சொல்லும் இம்போசிஷனும் இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கின்றன.

இந்த நம்பிக்கை தவறு. பாடத்தையும் அது சரியாகப் புரிந்துகொள்ளவில்லை, பிள்ளையையும் புரிந்துகொள்ளவில்லை. ‘டீச்டு’ என்று எழுதிய பிள்ளை இங்கிலீஷின் மிகப் பெரிய விதியொன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மூன்று வரிசையையும் ஒப்பித்த பிள்ளை அதைப் பிடித்திருக்கிறதா என்று அந்த ஒப்பிப்பை வைத்துச் சொல்லவே முடியாது.

அந்த ‘டீச்டு’ எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டிருக்கிறோமா? ஆசிரியர் அதைச் சொல்லித்தரவில்லை. பாடப்புத்தகத்தில் இல்லை, கைடில் இல்லை, வீட்டில் இங்கிலீஷ் பேச ஆளே இல்லை. யாரும் சொல்லாத ஒரு சொல்லைப் பிள்ளை தானாக உண்டாக்கியிருக்கிறது. ‘வாக்’ ‘வாக்டு’ ஆகிறது, ‘வாஷ்’ ‘வாஷ்டு’ ஆகிறது, ‘பேக்’ ‘பேக்டு’ ஆகிறது. அப்படியானால் ‘டீச்’ ‘டீச்டு’தானே ஆக வேண்டும் என்று அதன் மூளை கணக்குப் போட்டிருக்கிறது. மனப்பாடம் செய்த பிள்ளையால் கேட்டதைத்தான் திருப்பிச் சொல்ல முடியும். விதியைப் பிடித்த பிள்ளைதான் கேட்காததையும் சொல்லும்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. 1958ல் அமெரிக்காவில் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர் நான்கு முதல் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் இங்கிலீஷிலேயே இல்லாத சொற்களைக் கொடுத்துப் பார்த்தார். ‘கிளிங்’ என்று ஒரு வினையைத் தானாகவே உருவாக்கி, ‘நேற்று அவன் என்ன செய்தான்’ என்று கேட்டார். பிள்ளைகளில் பெரும்பாலோர் ‘கிளிங்டு’ என்றார்கள். பெரியவர்களில் பலர் ‘சிங்–சாங்–சங்’ நினைவில் ‘கிளாங்’, ‘கிளங்’ என்றார்கள். 1992ல் கேரி மார்கஸ், ஸ்டீவன் பிங்கர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்ட 83 குழந்தைகளின் பேச்சிலிருந்து ஒழுங்கற்ற வினைகளின் இறந்தகால வடிவங்கள் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவற்றைத் திரட்டிப் பார்த்தார்கள். அந்தக் குழந்தைகளும் ‘கம்டு’, ‘டீச்டு’ என்கிறார்கள். அதிலும் முதலில் ‘கேம்’ என்று சரியாகச் சொல்லிக்கொண்டிருந்த குழந்தை, ‘ஈ-டி’ சேர்க்கும் விதி மனதில் படிந்த பிறகு ‘கம்டு’ என்று சொல்லத் தொடங்கி, கேட்கக் கேட்க மறுபடியும் ‘கேம்’முக்குத் திரும்புகிறது. நடுவில் வரும் அந்தப் பிழை விதி உள்ளே இறங்கிவிட்டதற்கான சான்று. லண்டனில் பிறந்த குழந்தைக்கு இது வளர்ச்சி என்றால், எம். புதுப்பட்டியில் பிறந்த குழந்தைக்கு மட்டும் அது எப்படி மந்தபுத்தி ஆகும்?

இனி அந்த மூன்று வரிசை அட்டவணைக்கு வருவோம். ‘கோ–வென்ட்–கான்’ என்பது ஏதோ ஆதியிலிருந்தே எழுதிவைத்த சட்டம் என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. அது வரலாற்றில் ஒட்டிக்கொண்ட மிச்சம். ‘வென்ட்’ என்பது ‘கோ’வின் பிள்ளையே இல்லை. ‘வெண்ட்’ என்று வேறொரு வினை இருந்தது. அதன் இறந்தகாலத்தை ‘கோ’ தனக்கு எடுத்துக்கொண்டது. பழைய இங்கிலீஷில் உயிரொலியை மாற்றிக் காலம் காட்டும் வினைகள் ஏராளம். 2007ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் அவற்றில் 177ஐ எடுத்து ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பயணத்தைக் கணக்கிட்டார்கள். இடைக்கால இங்கிலீஷில் 145 ஒழுங்கற்றவையாக நீடித்தன. இன்று 98. மற்றவையெல்லாம் ‘ஈ-டி’ சேர்த்துக்கொண்டு ஒழுங்காகிவிட்டன. ‘ஹெல்ப்’ முன்பு ‘ஹோல்ப்–ஹோல்பன்’ என்று இருந்தது, இன்று ‘ஹெல்ப்டு’. அதாவது ஒரு காலத்தில் ‘ஹெல்ப்டு’ என்று சொன்னவன்தான் ‘டீச்டு’ சொன்ன பிள்ளையின் இடத்தில் இருந்தான். காலப்போக்கில் அவன் சொன்னதே சரியாகிவிட்டது.

அந்த ஆய்வில் ஆசிரியர்களுக்குப் பயன்படும் முடிவு இன்னொன்று. எந்த வினையை மக்கள் அடிக்கடி பேசுகிறார்களோ அது ஒழுங்கற்றதாகவே நிலைக்கிறது. அரிதாகப் பேசுவது சீக்கிரம் ஒழுங்காகிவிடுகிறது. நூறு மடங்கு குறைவாகப் புழங்கும் வினை பத்து மடங்கு வேகமாக ஒழுங்காகிறது. ‘பி’, ‘ஹேவ்’, ‘டூ’, ‘கோ’, ‘ஸே’, ‘ஸீ’, ‘டேக்’, ‘கெட்’ என்று இங்கிலீஷில் அதிகம் புழங்கும் வினைகள் ஒழுங்கற்றவையாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான். ஒழுங்கற்ற வடிவங்களைக் காத்துவந்தது புழக்கம். திரும்பத் திரும்ப வாக்கியத்தில் கேட்டுக் கேட்டு ஒரு மக்கள் கூட்டம் அவற்றைக் கையளித்து வந்திருக்கிறது. அப்படிப் புழக்கத்தால் மட்டுமே நின்ற சொல்லை, புழக்கத்திலிருந்து பிடுங்கி, வாக்கியமே இல்லாத மூன்று வரிசையில் நிறுத்திப் பிள்ளையின் தலையில் ஏற்றப் பார்க்கிறோம். அது மறந்துபோகாமல் வேறென்ன செய்யும்?

சரியான வடிவம் ஒன்றே ஒன்றுதான் என்பதும் உண்மை இல்லை. ‘லேர்ன்’, ‘பர்ன்’, ‘ட்ரீம்’, ‘ஸ்பெல்’ ஆகியவற்றுக்கு ஒழுங்கான முடிவு, ஒழுங்கற்ற முடிவு இரண்டும் செல்லும். ‘புரூவ்’வுக்கு ‘புரூவ்டு’ம் சரி, ‘புரூவன்’னும் சரி. ‘ஹேங்’ என்பதற்குப் பொருளை மாட்டினால் ‘ஹங்’; ஆளைத் தூக்கிலிட்டால் ‘ஹேங்டு’. ‘கெட்’டுக்கு மூன்றாம் வடிவமாக ‘காட்டன்’ என்று அமெரிக்கர் சொன்னால் அதைத் தப்பு என்று திருத்துகிறவர்கள் நம்மிடையே உண்டு. அந்த வடிவம் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி அமெரிக்கா போனது. அங்கே உயிரோடு இருக்கிறது, இங்கிலாந்துதான் அதைக் கைவிட்டது. கைவிட்ட இங்கிலாந்தும் ‘ஃபர்கெட்’டுக்கு இன்றுவரை ‘ஃபர்காட்டன்’ என்றே எழுதுகிறது. விடைத்தாளில் இரண்டில் ஒன்றை மட்டும் சரியென்று வைத்துக்கொண்டு மற்றதைச் சிவப்பு மையால் அடிக்கும்போது, அடிக்கப்படுவது பிழை இல்லை, மொழியின் பாதி.

‘ஐ ஹேவ் ரோட்’ என்று நம் பிள்ளை எழுதினால் வகுப்பே சிரிக்கிறது. 1762ல் ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் ஓர் இங்கிலீஷ் இலக்கண நூல் வெளியிட்டார். இரண்டாம் வடிவம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றாவதையும், மூன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாவதையும் போடுவது பிழை என்று அதில் கண்டித்தார். கண்டித்ததற்கு அவர் எடுத்துக்காட்டாக நிறுத்தியவர்கள் தெருவில் போகிறவர்கள் இல்லை. மில்டன், டிரைடன், அடிசன், ஸ்விஃப்ட் போன்ற பெரும் எழுத்தாளர்களே அந்தக் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். ஷேக்ஸ்பியரும் ‘ரிட்டன்’ வர வேண்டிய இடத்தில் ‘ரோட்’ போட்டிருக்கிறார். இரண்டு வடிவங்களும் ஒன்றோடொன்று கலந்து புழங்கிய மொழியைப் பதினெட்டாம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் வரிசைப்படுத்தி வேலி போட்டார்கள். அந்த வேலி இன்று பொது வழக்காகிவிட்டது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும் பிள்ளையை அறிவில்லாதது என்று சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை. அதே பக்கத்தில் ஒரு காலத்தில் மில்டன் நின்றிருக்கிறார்.

எதை எழுதினாலும் சரி என்று விட்டுவிடச் சொல்கிறேனா? இல்லை. வேலைக்கு மனுப் போடும் இளைஞன் ‘ஐ ஹேவ் வென்ட்’ என்று எழுதினால், படிக்கிறவர் அவன் திறமையைப் பார்க்கும் முன்பே தாளை ஒதுக்கிவிடுவார். அது அநியாயம், ஆனாலும் அந்த அநியாயத்துக்கு நம் பிள்ளை இரையாகக் கூடாது. சரியான வடிவம் அவனுக்கு வேண்டும். அதனால்தான், அந்த வடிவத்தைத் தராத ஒரு வழியை நாம் கட்டிக்கொண்டு அழுவதைப் பார்த்து எனக்குக் கோபம் வருகிறது.

மூன்று வரிசையை ஒப்பிக்கும் பிள்ளையிடம் ஒரு வாக்கியம் எழுதச் சொல்லிப் பாருங்கள். ‘ரைட்–ரோட்–ரிட்டன்’ என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்த அதே வாய் ‘ஐ ஹேவ் ரோட் தி லெட்டர்’ என்று சொல்லும். தவறு அதன் நினைவாற்றலில் இல்லை. மூன்றாம் வரிசை எதற்கு என்று அதற்கு யாருமே சொன்னதில்லை. ‘பாஸ்ட் பார்ட்டிசிபிள்’ என்ற பெயரைச் சொல்வதோடு விளக்கம் முடிந்துவிடுகிறது. சொல்லப்போனால் பெயரே குழப்புகிறது: முதல் வரிசை நிகழ்காலம், இரண்டாவது இறந்தகாலம், மூன்றாவதும் ஏதோ இறந்தகாலம். அப்படியென்றால் எந்த இறந்தகாலத்தை எங்கே போடுவது? இந்தக் கேள்வி பிள்ளைக்கு வருவது இயல்பு. அட்டவணையில் இதற்குப் பதில் கிடையாது.

பதில் தமிழில் இருக்கிறது. இதைத்தான் நம் ஆசிரியர்கள் கையில் எடுக்க வேண்டும். எம். புதுப்பட்டியில் ஐந்து வயதுப் பிள்ளையும் ‘போனேன்’ என்கிறது, ‘போயிருக்கேன்’ என்கிறது. எந்தப் பிள்ளையாவது ‘போனிருக்கேன்’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ‘வந்தேன்’, ‘வந்திருக்கேன்’, ‘எழுதினேன்’, ‘எழுதியிருக்கேன்’. போ – போனேன் – போய். எழுது – எழுதினேன் – எழுதி. தமிழிலும் மூன்று வடிவம். ‘இரு’ என்ற துணைவினை வரும்போது அதற்கு முன்னால் நிற்பது முற்று இல்லை, வினையெச்சம். இங்கிலீஷில் ‘ஹேவ்’ வரும்போது அதனோடு நிற்பது இரண்டாம் வரிசை இல்லை, மூன்றாம் வரிசை. ‘வென்ட்’ என்பது ‘போனேன்’. ‘கான்’ என்பது ‘போய்’. ‘ஐ ஹேவ் வென்ட்’ என்று எழுதும் பிள்ளையிடம் “நீ ‘போனிருக்கேன்’னு சொல்லுவியா?” என்று ஒரே ஒரு முறை கேட்டுப் பாருங்கள். காதே தப்பைக் கண்டுபிடித்துவிடும்.

இரண்டு மொழியும் எல்லா இடத்திலும் இப்படி ஒத்துப்போகும் என்று நான் சொல்லவில்லை. தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இருக்கும் மூன்று வேலையை இங்கிலீஷில் அந்த ஒரு வடிவமே பார்க்கிறது. ‘உடைந்துபோயிருக்கிறது’ என்ற இடத்திலும் ‘புரோக்கன்’தான், ‘உடைந்த கண்ணாடி’ என்று பெயரெச்சம் வரும் இடத்திலும் ‘புரோக்கன்’தான், ‘உடைக்கப்பட்டது’ என்று செயப்பாட்டுவினை வரும் இடத்திலும் ‘புரோக்கன்’தான். இந்த மூன்று வேலையையும் மூன்று தமிழ் வாக்கியங்களோடு பக்கத்தில் வைத்துக் காட்டினால் மூன்றாம் வரிசை எதற்கு என்பது ஒரு பாடவேளையில் விளங்கும். பத்தாம் வகுப்பில் ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ் என்று மதிப்பெண்ணுக்குக் கேட்பதும் இந்த மூன்றாவது வேலையைத்தான். அதற்கும் வி-3க்கும் உள்ள உறவு தெரியாமலே பல பிள்ளைகள் பத்தாம் வகுப்பைத் தாண்டிப் போகிறார்கள்.

ஒழுங்கற்ற வினை என்பது இங்கிலீஷின் தனி நோயும் இல்லை. நில் – நின்று, கேள் – கேட்டு, கல் – கற்று, காண் – கண்டு, வா – வந்து, சா – செத்து: இவற்றைப் பிற மொழிக்காரர் பார்த்தால் மிரண்டுபோவார். பவணந்தி முனிவர் நன்னூலில் இறந்தகாலம் காட்டும் இடைநிலைகளாக த், ட், ற், இன் என்று வகுத்துச் சொல்லியிருக்கிறார். எந்த வினைக்கு எது வரும் என்று வெளியூரிலிருந்து வந்தவருக்குத் தெரியாதே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மன் பாதிரியார் கார்ல் கிரவுல் தமிழ் வினைகளை வகை பிரித்து அடுக்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் பிரித்தால் வினைச்சொல் பக்கத்தில் எண் போட்டு அது எந்த வகை என்று காட்டியிருப்பதைப் பார்க்கலாம். நம்மில் யார் அந்த எண்ணை மனப்பாடம் செய்து ‘நின்றேன்’ சொல்லக் கற்றோம்? ‘நில்’லுக்கு மூன்று வடிவம் கேட்டால் சட்டென்று சொல்லத் தெரியாத பெரியவர்கள் வாழ்நாளெல்லாம் ‘நின்று’ பிழையில்லாமல் பேசுகிறார்கள். ஒப்பிக்கத் தெரிவதும் பேசத் தெரிவதும் வேறு வேறு அறிவு என்பதற்கு நம் தாய்மொழியே நம் வாயில் சாட்சியாக இருக்கிறது.

இன்னொரு செய்தி. இந்தப் பிள்ளைகளுக்கு மூன்றாம் வடிவம் தெரியவே தெரியாது என்பது பொய். சிவகாசியில் ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ என்று போர்டு எழுதாத தெரு குறைவு. ‘ஸ்போக்கன்’ என்பது என்ன? ‘ஸ்பீக்’கின் மூன்றாம் வடிவம், பேசப்படும் இங்கிலீஷ். மளிகைக் கடையில் ‘புரோக்கன் முந்திரி’ கேட்கிறோம். ஆஸ்பத்திரியில் ‘நியூ பார்ன்’ குழந்தைக்குத் தனி அறை. தீபாவளிக்கு ‘ரெடிமேட்’ சட்டை எடுக்கிறோம். அந்த ‘மேட்’ ‘மேக்’கின் மூன்றாம் வடிவம். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வட்டாரம் அச்சடித்து ஒட்டும் தீப்பெட்டி லேபிளிலும் பட்டாசுப் பெட்டியிலும் ‘மேட் இன் இந்தியா’ இருக்கிறது. அப்பாவோ அம்மாவோ தினமும் கையில் தொடும் தாளில் இருக்கும் இங்கிலீஷ் அது. ‘மேட்’, ‘பேக்டு’, ‘பிரின்டட்’, ‘மேனுஃபேக்சர்டு’: ஒரு பட்டாசுப் பெட்டியின் பக்கவாட்டைப் படித்தாலே வி-3க்கு ஒரு வாரப் பாடம் கிடைக்கும், ஒழுங்கானதும் ஒழுங்கற்றதும் கலந்து. 2018ல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்து சரவெடிக்கும் பேரியத்துக்கும் தடை விழுந்தபோது ‘பேன்டு’ என்ற சொல்லுக்குப் பொருள் தெரியாதவர் இந்த ஊர்களில் யார் இருந்தார்கள்? அது எத்தனை வீடுகளின் அடுப்பைத் தொட்ட பாஸ்ட் பார்ட்டிசிபிள்!

வகுப்பறைக்கு வெளியே இவ்வளவு குவிந்து கிடக்க, வகுப்பறைக்குள் ‘அரைஸ்–அரோஸ்–அரிசன்’ என்று அகரவரிசையில் தொடங்குகிறோம். ‘அரைஸ்’ என்ற வினையைப் பள்ளிப் பிள்ளை எந்த நாளில் பேசப்போகிறது?

இந்த அகரவரிசை தனியாகச் சொல்ல வேண்டிய கேடு. பேருந்து நிலையத்தில் பத்து இருபது ரூபாய்க்கு விற்கும் சிறு புத்தகங்களில் வினைகள் எழுத்து வரிசையில் கிடக்கின்றன. ‘பிகின்’ ஒரு பக்கம், ‘டிரிங்க்’ இன்னொரு பக்கம், ‘சிங்’ எங்கோ கடைசியில். ஒலியை வைத்துச் சேர்த்துப் பாருங்கள்: சிங்–சாங்–சங், ரிங்–ராங்–ரங், டிரிங்க்–டிராங்க்–டிரங்க், பிகின்–பிகேன்–பிகன். ஒரே குடும்பம். ரைட், டிரைவ், ரைஸ், ரைடு: ரிட்டன், டிரிவன், ரிசன், ரிடன். இன்னொரு குடும்பம். நோ, க்ரோ, ப்லோ, த்ரோ: நோன், க்ரோன், ப்லோன், த்ரோன். கட், புட், ஹிட், ஷட், ஹர்ட், காஸ்ட்: மூன்றும் மாறாது, எல்லாம் ‘ட்’ ஒலியில் முடிவதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். நூற்றுக்கு மேற்பட்ட தனித்தனிச் சுமை சில குடும்பங்களாகச் சுருங்கிவிடும். இந்தக் குடும்பச் சாயல் இன்றும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘ஸ்னீக்’குக்குப் புதிதாக முளைத்த ‘ஸ்னக்’ ஒரு சான்று. முன்பு ‘ஸ்னீக்டு’ மட்டும்தான் இருந்தது. சாயல் இருப்பதை வாய்ப்பாடு போல எழுத்து வரிசையில் சிதறடித்துவிட்டு, நினைவில் நிற்கவில்லை என்று பிள்ளையைத் திட்டுகிறோம். வாய்ப்பாட்டிலாவது ஏழெட்டு ஏன் ஐம்பத்தாறு என்று கூட்டிப் பார்த்துக் கண்டுகொள்ளலாம். அகரவரிசை வினைப்பட்டியலில் பிள்ளை தானாகக் கண்டுகொள்ள ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

தமிழ்ப் பேச்சில் இங்கிலீஷ் கலக்கும் முறையையும் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். ‘டிரைவ் பண்ணினேன்’, ‘டிரைவ் பண்ணியிருக்கேன்’, ‘பிரேக் ஆயிருச்சு’ என்று நாம் வெறும் முதல் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு காலம் காட்டும் வேலையைத் தமிழிடம் ஒப்படைக்கிறோம். ஒரு பிள்ளை நாள்தோறும் நூறு இங்கிலீஷ் வினையைக் கேட்டாலும் அதில் இரண்டாம் வடிவம் ஒன்றுகூட வராது. மூன்றாம் வடிவம் ‘ஸ்போக்கன்’, ‘புரோக்கன்’ போலப் பெயருக்கு முன் ஒட்டித்தான் வரும். இது சோம்பலால் வந்தது இல்லை, தமிழின் கட்டமைப்பு. அதைத் தெரிந்துகொண்டால், பெயரோடு ஒட்டி ஏற்கெனவே வாயில் இருக்கும் வி-3யிலிருந்து பாடத்தைத் தொடங்குவதுதான் பொருத்தம் என்பது தெரியும். நாமோ தலைகீழாக, இரண்டாம் வடிவத்தை முதலில் திணித்து மூன்றாவதை அதன் வாலாக ஒட்டவைக்கிறோம்.

“நாங்களெல்லாம் மனப்பாடம் பண்ணித்தானே மேலே வந்தோம்” என்று சொல்லும் பெரியவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வழியில் வந்து நின்றவர்கள் மட்டுமே இன்று பேசுகிறார்கள். ‘உனக்கு ஏறாது’ என்ற ஒரு சொல்லில் ஆறாம் வகுப்போடு இங்கிலீஷைக் கைவிட்டவர்கள் பேச மேடை இல்லை. தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் தமிழ்நாட்டின் முதலிடத்தில் நின்ற மாவட்டம் விருதுநகர். ஆசிரியர்களின் உழைப்பு அதில் இருக்கிறது; அதைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. தேர்ச்சி பெற்ற அதே பிள்ளைகள் கல்லூரிக்குப் போய் முதல் வாரத்திலேயே வாய் மூடிக்கொள்வதும் எல்லாரும் பார்ப்பதுதான். அதற்கு ஒப்பித்தே வளர்ந்த இங்கிலீஷ் ஒரு காரணம்.

“இனி ஃபோனே திருத்திவிடும், இதெல்லாம் எதற்கு” என்ற பேச்சும் கேட்கிறது. ஃபோன் ‘டீச்டு’வை ‘டாட்’ ஆக்கும்; ‘உடைந்த’ என்பதற்கும் ‘உடைத்த’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளையின் மனதில் அது வைக்காது. நாளைக்கு இதே பிள்ளை ஆலையில் ஃபோர்மேனாகவோ வேதிப்பொருள் கிடங்கிலோ நின்று, அலுமினியப் பொடி டிரம்மின் மேல் இருக்கும் எச்சரிக்கையைப் படிக்க வேண்டியிருக்கும். சூட்டிலிருந்து தள்ளி வைக்கப்பட வேண்டும், ஈரம் படாமல் வைக்கப்பட வேண்டும் என்று ‘கெப்ட்’, ‘கெப்ட்’ என்று அதில் வரும். யார், எதை, எங்கே வைக்க வேண்டும் என்று அந்தச் செயப்பாட்டு வாக்கியத்தைப் படித்த மாத்திரத்தில் புரிந்துகொள்வதுதான் நான் கேட்கும் இங்கிலீஷ். ‘கீப்–கெப்ட்–கெப்ட்’ என்று ஒப்பிப்பது அந்தக் கணத்தில் ஒருவருக்கும் உதவாது.

எனக்கு இதில் இவ்வளவு ஆத்திரம் ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தது சும்மா நடந்த காரியம் இல்லை. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய பிஞ்சுக் கைகளைப் பற்றி நாடே பேசியது. 1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988ல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் முதல் களங்களில் சிவகாசி ஒன்று. 1996 டிசம்பரில் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில், குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு தொடங்கியதே சிவகாசியை வைத்துத்தான். இத்தனைக்குப் பிறகு வகுப்பறை பெஞ்சுக்கு வந்து சேர்ந்த தலைமுறையின் பிள்ளைகள் இவர்கள். வீட்டில் வாசித்துக் காட்ட ஆளில்லாமல், தானாக ஒரு விதியைக் கண்டுபிடித்து ‘கேட்ச்டு’ என்று எழுதி நீட்டும் தாளை வாங்கி, ஒரு பெருக்கல் குறி போட்டு, “பட்டாசு ஊர்ப் பிள்ளைக்கு இங்கிலீஷ் ஏறாது” என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

அந்தத் தாளில் செய்ய வேண்டியது சிறிய வேலை. ‘கேட்ச்டு’வை அடிக்காமல் பக்கத்தில் ‘காட்’ என்று எழுதி, அதே குடும்பத்தின் ‘டாட்’, ‘பிராட்’ இரண்டையும் சேர்த்து எழுதிக் கொடுக்கலாம். “நீ போட்ட விதி சரி, இந்த வீட்டுக்காரர்கள் மட்டும் அந்த விதிக்கு வெளியே இருக்கிறார்கள்” என்று சொல்லலாம். ஸ்லிப் டெஸ்ட்டில் மூன்று வரிசை கேட்பதற்குப் பதில் ஐந்து வாக்கியம் கேட்கலாம். அதில் இரண்டு ‘இருக்கேன்’ என்று முடியும் தமிழ் வாக்கியமாக இருக்கட்டும். வகுப்புக்கு ஒரு காலிப் பட்டாசுப் பெட்டி கொண்டுவரச் சொல்லி, அதில் இருக்கும் வி-3 எத்தனை என்று எண்ணச் சொல்லலாம். இதற்கெல்லாம் அரசாணை வேண்டாம், பள்ளி ஆய்வாளர் அனுமதி வேண்டாம்.

அச்சகக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நாட்டுக்கே நாட்காட்டியும் நோட்டும் அச்சடித்துக் கொடுக்கும் ஊர் சிவகாசி. ‘மூன்று ஃபார்ம்’ புத்தகத்தை அடுத்த பதிப்புக்கு மெஷினில் ஏற்றும் முன்பு அகரவரிசையைக் கலைத்து ஒலிக் குடும்பமாக அடுக்குங்கள். அடிக்கடி புழங்கும் வினைகளை முதல் பக்கத்தில் போடுங்கள். இரண்டு வடிவம் செல்லும் இடத்தில் இரண்டையும் போடுங்கள். ஒவ்வொரு மூன்றாம் வடிவத்துக்கும் பக்கத்தில் ஒரு இங்கிலீஷ் வாக்கியமும் அதற்கு நேராக ஒரு தமிழ் வாக்கியமும் இருக்கட்டும். பக்கம் கூடும், விலை இரண்டு மூன்று ரூபாய் ஏறும். எம். புதுப்பட்டியில் அதை வாங்கிக் கொடுக்கப் பெற்றோர் தயங்க மாட்டார்கள்.